மூடுபனி மலைகளில் இடமறியும் கருவி

இலங்கையின் மத்திய மலைநாட்டில், குறிப்பாக அட்டன், நுவரெலியா வட்டாரங்களில், வாகனச் சாலையை விட்டு விலகி நடப்பவர் இரண்டு வகையான நிலங்களைச் சந்திக்கிறார். ஒன்று தேயிலைத் தோட்டம். மற்றது தோட்டத்தின் மேல் எல்லையில் தொடங்கும் முகில்காடும் பத்தனாப் புல்வெளியும். தோட்டத்துக்குள் வழி இல்லாமை ஒரு சிக்கலே அன்று; கொழுந்து லொறி செல்லும் பாதை, மலைக்கு மலை பிரியும் ஒற்றையடிப் பாதை, கானை, அதாவது வடிகாலை, ஒட்டிய நடைவழி, தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கும் குறுக்குவழி என வழிகள் அளவுக்கு மிஞ்சிக் கிடப்பதே அங்குள்ள சிக்கல். பிற்பகலில் மூடுபனி இறங்கியதும், கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கத்தரித்துவிட்ட, ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடுகிறது. காட்டிலோ நிலைமை நேர்மாறானது. இருப்பது ஒரே தடம், அதைத் தவறவிட்டால் திரும்பக் கண்டுபிடிப்பது அரிது. எனவே, கையில் எடுத்துச் செல்லும் ஜி.பி.எஸ். கருவியைத் தேர்பவர், கனடாவின் பனிவெளிக்கோ அமெரிக்காவின் பாலைநிலத்துக்கோ எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே ஏற்காமல், இந்த இரண்டு நிலங்களும் கருவியிடம் என்ன கேட்கின்றன என்பதிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

இத்தகைய தேவை அண்மைக்காலத்தில் பெருகியிருப்பதற்குப் பீக்கோ ட்ரெயில் எனப்படும் நெடுநடைத் தடம் முக்கிய காரணமாகும். கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையில் தொடங்கி, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிக அளவில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டத்தைத் தொட்டு, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை வழியாகச் சென்று, அப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடியும் இத்தடம் 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, மொத்தத்தில் 300 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. புதிதாக வெட்டிய வழிகளை விடத் தோட்டங்கள் ஒன்றரை நூற்றாண்டாகப் பயன்படுத்திவரும் பழைய வண்டிப்பாதைகளையும் நடைபாதைகளையும் இணைத்தே இது அமைக்கப்பட்டது. அதனால் தடம் செல்லும் பாதைக்கும் அதிலிருந்து பிரியும் பாதைக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு பல இடங்களில் இல்லை. கருவியின் திரையில் ஓடும் ஒரு கோடு, அடுத்த பிரிவில் இடமா வலமா என்பதைச் சொல்லிவிடுகிறது என்ற எளிய பயனுக்காகவே பலர் அதை வாங்குகின்றனர்.

அந்தக் கோட்டின் மீது தன் நிலையைக் கருவி எவ்வாறு குறிக்கிறது என்பதை அறிந்துகொண்டால், தேர்வின் பாதி தெளிவாகிவிடும். ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க அரசு நடத்தும் செய்மதித் தொகுதியின் பெயர். பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அதன் செய்மதிகள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு; ஒவ்வொரு செய்மதியும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் வானொலி அலையாக இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. அவ்வலை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணிக்கிறது. ஒளியின் வேகத்தில் செல்லும் அலை ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குள் 300 மீட்டரைக் கடந்துவிடுவதால், கருவியின் சொந்தக் கடிகாரம் சற்றே பிசகினாலும் கணக்கு கெட்டுவிடும். அப்பிசகையும் சேர்த்துக் கணிப்பதற்கு மூன்று அல்ல, குறைந்தது நான்கு செய்மதிகள் தேவைப்படுகின்றன. பொதுமக்களுக்கான அலையில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000 மே 2ஆம் திகதி நீக்கப்பட்டது. அதுவரை 100 மீட்டர் வரை தவறக்கூடியதாக இருந்த அளவீடு, அதன்பின் திறந்த வானின் கீழ் சில மீட்டருக்குள் வந்தது. 1989இல் மெகெல்லன் நிறுவனம் முதன்முதலில் விற்ற கைக்கருவி 700 கிராம் அளவு எடையும் 3,000 டொலர் அளவு விலையும் கொண்டிருந்ததை நினைத்தால், இன்று சட்டைப்பைக்குள் அடங்கும் கருவி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது விளங்கும்.

ஆனால் "திறந்த வானின் கீழ்" என்ற நிபந்தனையே மலைநாட்டில் அடிக்கடி உடைகிறது. நோர்ட்டன் பிரிட்ஜ் பள்ளத்தாக்கு போன்ற ஆழ்ந்த பகுதியில் இருபுறமும் மலை எழுந்து நிற்க, வானத்தின் ஒரு கீற்று மட்டுமே கருவிக்குத் தெரிகிறது; பாறைச் சுவரில் மோதித் திரும்பிய அலையும் நேராக வந்த அலையும் கலந்துவிடுவதால் தூரக் கணிப்பு நீள்கிறது. ஈரமான அடர்ந்த இலைக்கூரை அலையை வலுவிழக்கச் செய்கிறது. இவற்றோடு, பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒட்டிச் செல்வதால், வளிமண்டலத்தின் மேலடுக்கான அயன மண்டலம் இப்பகுதியில் சூரியன் மறைந்தபின் குழம்புவதும், அதனைக் கடந்துவரும் அலை தாமதப்படுவதும் உண்டு. இக்குறைகளுக்குத் தொழில்நுட்பம் கண்ட மாற்று இரண்டு. முதலாவது, ஜி.பி.எஸ். தவிர ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகிய தொகுதிகளின் செய்மதிகளையும் சேர்த்துக் கேட்பது; வானத்தின் சிறு கீற்றுக்குள்ளும் நான்குக்கு மேற்பட்ட செய்மதிகள் அப்போது அகப்படும். இரண்டாவது, ஒரே செய்மதி அனுப்பும் இரு வேறு அலைவரிசைகளை ஒப்பிட்டு அயன மண்டலத் தாமதத்தைக் கழித்துவிடுவது. இவ்விரண்டாவது வசதியுள்ள கருவியைப் பல்லலைவரிசைக் கருவி என்பர். தேயிலை மலைகளில் மட்டும் நடப்பவருக்கு முதல் வசதியே போதும். பள்ளத்தாக்கின் அடியிலும் காட்டுக்குள்ளும் அடிக்கடி செல்லும் வழிகாட்டிக்கு, இரண்டாவது வசதிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீணாகாது.

உயரத்தைப் பற்றி வாங்குபவர்கள் போதிய அளவு சிந்திப்பதில்லை. இந்த நாட்டிலோ அது மிகுந்த கவனத்துக்குரியது. செய்மதிக் கணக்கு தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம் அன்று. பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்துக் கற்பனை செய்த ஒரு பரப்பிலிருந்து அளந்த உயரம். உண்மையான கடல் மட்டம் ஈர்ப்பு விசையின் ஏற்றத்தாழ்வுக்கேற்ப அப்பரப்பிலிருந்து மேலேறியும் கீழிறங்கியும் காணப்படுகிறது. உலகிலேயே அது மிக ஆழமாகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உள்ளது. அதன் விளைவாக இலங்கையில் இவ்விரு உயரங்களுக்கும் இடையே சுமார் 100 மீட்டர் வேறுபாடு நிலவுகிறது. 2,524 மீட்டர் உயரமான பிதுருதலாகலை, திருத்தம் செய்யாத கணக்கில் 2,420 மீட்டருக்குச் சற்று மேலாகவே தெரியும். நடைக்கென உருவாக்கப்பட்ட கருவிகள் இத்திருத்தத்தைத் தாமே செய்துகொள்கின்றன. கைபேசிச் செயலிகளில் சில செய்வதில்லை. ஐரோப்பாவில் பல இடங்களில் ஐம்பது மீட்டருக்குள் அடங்கிவிடும் இந்த வேறுபாடு இங்கே இரு மடங்காகிறது என்பதை வாங்குமுன் அறிந்திருப்பது நல்லது.

சற்று விலையுயர்ந்த கருவிகளில் வளியமுக்கத்தைக் கொண்டு உயரத்தை அளக்கும் உணரியும் இருக்கும். மேலேறும்போது காற்றின் அமுக்கம் குறைகிறது. 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைவு ஏறத்தாழ 10 மீட்டர் ஏற்றத்துக்குச் சமமாகும். ஏற்ற இறக்கத்தைச் செய்மதியை விட நுட்பமாகக் காட்டும் இவ்வுணரிக்கு ஒரு வெப்பமண்டலக் குறை உண்டு. நிலநடுக்கோட்டை அண்டிய நாடுகளில் வானிலை மாறாத நாளிலும் வளியமுக்கம் காலை பத்து மணியளவில் உச்சத்தையும் மாலை நான்கு மணியளவில் தாழ்வையும் அடைந்து, இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் ஊசலாடுகிறது. காலையில் சரிசெய்த கருவி, நின்ற இடத்திலேயே மாலையில் 20 அல்லது 30 மீட்டர் கூடுதலாகக் காட்டுவது இதனால்தான். கருவி பழுதென்று கருத வேண்டியதில்லை. உயரம் அறிந்த இடத்தில் அதனை மீண்டும் சரிசெய்ய வேண்டும் என்பதே வழிமுறை. மலையகத்தில் இதற்கு எங்கும் அலையத் தேவையில்லை; மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் நிலையங்களில் கடல் மட்டத்திலிருந்து அந்நிலையத்தின் உயரம் எழுதப்பட்டிருக்கிறது. ஹோட்டன் சமவெளிக்குச் செல்பவர் இறங்கும் பட்டிப்பொல நிலைய மேடையில், பலகையைப் பார்த்து அவ்வெண்ணைக் கருவியில் இட்டுவிட்டு நடக்கத் தொடங்கினால், கிரிகல்பொத்த உச்சி ஏறும்வரை எஞ்சியிருக்கும் ஏற்றம் எவ்வளவு என்பதை நம்பகமாகக் கணிக்கலாம்.

அடுத்து வருவது வரைபடம். 1800இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களம் வெளியிடும் 1:50,000 அளவுத்திட்டத் தாள்கள் இன்றும் மலைநடைக்கு மிகச் சிறந்த துணை. சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், செங்குத்துச் சரிவு எங்கே என்பதை எந்தச் சிறு திரையையும் விடத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆயினும் தாளையும் கருவியையும் சேர்த்துப் பயன்படுத்துபவர் ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். ஜி.பி.எஸ். உலகம் முழுவதற்குமான ஒரு நீள்கோளத்தை அடிப்படையாகக் கொள்கிறது. இலங்கையின் தாள்களோ, ஜோர்ஜ் எவரெஸ்ட்டின் பெயரால் வழங்கும் 19ஆம் நூற்றாண்டு நீள்கோளத்தையும், கந்தவல எனப்படும் அளவை ஆதாரத்தையும் கொண்டவை. ஒன்றின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் மற்றதில் அப்படியே குறித்தால் புள்ளி 200 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஹோட்டன் சமவெளியின் உலக முடிவில் புல்வெளிக்கும் எண்ணூறு மீட்டருக்கு மேற்பட்ட வீழ்ச்சிக்கும் இடையே சில அடிகளே உள்ளன என்பதைக் கண்டவர்களுக்கு, இருநூறு மீட்டர் எத்தகைய பிழை என்பதை விளக்கத் தேவையில்லை.

தீர்வு கருவியின் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. இடத்தை எந்த முறையில் காட்ட வேண்டும் என்று கேட்கும் பகுதியில், பயனர் தாமே வரையறுக்கும் கட்டமைப்பை உள்ளிட இடமுண்டா என்பதை வாங்குமுன் பார்க்க வேண்டும். 1999இல் வகுக்கப்பட்ட இலங்கைத் தேசியக் கட்டத்தின் மூலப்புள்ளி பிதுருதலாகலை உச்சியே ஆகும். அங்கே கிழக்கெண் 500,000 மீட்டர், வடக்கெண் 500,000 மீட்டர் எனக் கொள்ளப்பட்டிருக்கிறது. இக்கட்டத்தை இட்டுவிட்டால் திரையில் தோன்றும் எண்கள் பாகைகளாக இல்லாமல் மீட்டர்களாகிவிடுகின்றன. சிவனொளிபாத மலையின் உச்சியில் நிற்பவருக்கு ஏறத்தாழ 470,000, 479,000 என்ற எண்கள் தெரிந்தால், பிதுருதலாகலைக்கு மேற்கே 30 கிலோமீட்டரும் தெற்கே 21 கிலோமீட்டரும் தள்ளி நிற்பதை அவர் மனக்கணக்காகவே அறிந்துகொள்வார். நுவரெலியாவிலிருந்து அண்ணாந்து பார்த்தாலே தெரியும் மலையை மையமாகக் கொண்ட இந்த அமைப்பு, மலையகத்தவருக்கு எவ்வளவு இயல்பானது என்பது இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

தன் நிலையைக் கருவி காட்டுவதை மட்டும் நம்பித் தீர்மானிப்பதன் விலையை இம்மலைகள் ஏற்கெனவே கண்டிருக்கின்றன. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், கொழும்பில் இறங்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது மஸ்கெலியாவுக்கு அருகிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் உயிரிழந்தனர். விமான நிலையத்துக்கு எவ்வளவு அண்மையில் இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்து உயரத்தைக் குறைத்ததும், அவர்கள் நம்பியிருந்த டொப்ளர் வழிகாட்டியும் வானிலை ராடாரும் தவறான விளக்கத்துக்கு இடமளித்ததும் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. அந்தக் காலத்தில் ஜி.பி.எஸ். இல்லை. இன்று அது இருக்கிறது. ஆயினும் ஒரு கருவி காட்டும் இடத்தை இன்னொரு சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அன்றைப் போலவே இன்றும் தேவைப்படுகிறது. இடத்தைச் செய்மதியும் உயரத்தைத் தனி உணரியும் சொல்லும் கருவியில், அவ்விரண்டையும் வரைபடத்தின் சமவுயரக் கோட்டோடு ஒப்பிடும் வாய்ப்பு நடப்பவருக்குக் கிடைக்கிறது; வளியமுக்க உணரியைத் தேவையற்ற அலங்காரம் என ஒதுக்கக் கூடாது என்பதற்கு இதுவே வலுவான காரணம்.

மழையும் மின்கலமும் அடுத்த கவலைகள். வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழை ஐயாயிரம் மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது; மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றின்போது அட்டன், மஸ்கெலியாப் பக்கங்களில் நாள் முழுவதும் நனைந்தபடி நடக்க நேரிடும். கருவியின் பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.7 என்ற குறி இருந்தால், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள்; இதற்குக் குறைந்த தரத்தை இம்மலைகளுக்கு வாங்குவது பொருத்தமன்று. மழைத்துளியையும் விரலையும் வேறுபடுத்தி அறியாத தொடுதிரையை விட, ஈரக்கையாலும் அழுத்தக்கூடிய பொத்தான்கள் இங்கே மேலானவை. மின்கலத்தைப் பொறுத்தவரை, கழற்றி மாற்றக்கூடிய இரண்டு ஏஏ மின்கலங்களில் இயங்கும் கருவியும், உள்ளே பொருத்திய மின்னேற்றக் கலத்தில் இயங்கும் கருவியும் சந்தையில் இருக்கின்றன. கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் எஸ்இ முதல் வகை. இரண்டு ஏஏ கலங்களில் 168 மணி நேரம் ஓடும் என நிறுவனம் கூறுகிறது, ஆனால் விரிவான வரைபடம் அதனுள் இல்லை, அதற்குக் கைபேசியைத் துணைகொள்ள வேண்டும். அதே நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 65எஸ் பல்லலைவரிசையும் வளியமுக்க உணரியும் கொண்டது. அதுவும் ஏஏ கலத்தில் இயங்குகிறது, ஆனால் 16 மணி நேரமே தாங்கும். ஜிபிஎஸ்மேப் 67 உள்கலத்தில் 180 மணி நேரம் ஓடுகிறது. விலை மிக அதிகம். பீக்கோ ட்ரெயிலின் சில கட்டங்களை நடப்பவர், ஒவ்வோர் இரவும் ஏதோ ஒரு வீட்டிலோ விடுதியிலோ மின்சாரம் கிடைக்கும் நிலையில், உள்கலத்தைப் பற்றி அஞ்சத் தேவையில்லை. காட்டில் இரவு தங்குபவருக்கு மாற்றுக் கலம் இன்றியமையாதது. தோட்டத்துக் கடைகளில் டோர்ச்சுக்கு விற்கும் மலிவான கலங்கள் இக்கருவிகளில் மிக விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், நகரத்திலிருந்தே அல்கலைன் அல்லது மின்னேற்றக் கலங்களை வாங்கிச் செல்ல வேண்டும்.

கைபேசி இருக்கும்போது தனிக் கருவி எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. கைபேசியின் செய்மதி உணரி வலையமைப்புச் சமிக்ஞை இல்லாத இடத்திலும் வேலை செய்யும். வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி, விமானப் பயண நிலையில் வைத்தால் மின்கலமும் மிச்சமாகும். தோட்டப் பாதைகளில் பகல்நடைக்குச் செல்பவருக்கு அதுவே போதும். வழி தவறினாலும் ஒரு மணி நேர நடைக்குள் ஒரு லயத்தையோ மடுவத்தையோ அடைந்துவிடலாம். ஹோட்டன் சமவெளியிலிருந்து ஒரு வழிக்கு ஏழு கிலோமீட்டர் அளவு நீளும் கிரிகல்பொத்தத் தடத்திலோ, யாத்திரைப் பருவம் முடிந்து வழிவிளக்குகள் அணைந்தபின் சிவனொளிபாத மலையின் காட்டுவழிகளிலோ செல்பவரின் நிலை வேறு. வழி காட்டுவதும் ஆபத்தில் அழைப்பதும் ஒரே மின்கலத்தைச் சார்ந்திருந்தால், ஒன்று தீரும்போது மற்றதும் தீர்ந்துவிடும்.

சமிக்ஞை இல்லாத இடத்திலிருந்தும் செய்மதி வழியே செய்தியும் அபாய அழைப்பும் அனுப்பும் கருவிகள் இப்போது விளம்பரப்படுத்தப்படுகின்றன. கார்மின் இன்ரீச் வகைக் கருவிகள், சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இரிடியம் செய்மதிகளைப் பயன்படுத்துகின்றன. சாதாரண ஜி.பி.எஸ். கருவி அலையைக் கேட்க மட்டும் செய்கிறது. இவையோ அலையை அனுப்பவும் செய்வதால் சட்டத்தின் பார்வையில் வானொலிப் பரப்பிகளாகின்றன. இலங்கையில் இத்தகைய சாதனங்கள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. கொண்டுவருமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் அனுமதி பெற வேண்டும். கனடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ சென்னை வழியாக ஊர் திரும்பும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்பவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். அனுமதியற்ற செய்மதித் தொடர்பாடல் கருவி இந்தியாவில் குற்றமாகும், அதனோடு பயணித்தவர்கள் அங்குள்ள விமான நிலையங்களில் தடுத்துவைக்கப்பட்டதுண்டு.

எந்தக் கருவியை வாங்கினாலும் அதில் முதலில் பழகவேண்டியது, நடந்த வழியைப் பதிந்து அதே வழியில் திரும்பச் செய்யும் வசதியே. மலையகத்தைப் பொறுத்தவரை இவ்வொரு வசதி, விலைகொடுத்து வாங்கும் வரைபடங்கள் அனைத்தையும் விடப் பயனுள்ளது. ஏனெனில் தோட்டத்தின் உட்பாதைகள் பல எந்த வரைபடத்திலும் இல்லை, இருப்பவையும் நிலைத்திருப்பதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் பெயர்ந்து பலரைப் பலிகொண்டபோது, சாலைகளும் புகையிரதப் பாதையும் சிதைந்தன. அதற்கு முன் தயாரித்த வரைபடக் கோடு, இன்று வெறும் மண்சரிவின் மீது செல்லக்கூடும். பழைய தடக்கோப்பை மட்டும் நம்பிச் செல்பவரை விட, காலையில் கொழுந்தெடுக்கச் செல்பவர்களிடம் "இந்த வழி இப்ப போகலாமாக்கா?" என்று கேட்டுவிட்டுச் செல்பவரே பாதுகாப்பானவர். அவ்வாறு கேட்பவர், வரைபடத்தில் டல்ஹவுசி என்றிருக்கும் இடத்தை ஊரார் நல்லதண்ணி என்றே வழங்குவர் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். தோட்டப் பிரிவுகளையும் மடுவங்களையும் கோயில்களையும் கருவியில் குறிக்கும்போது ஊரார் வழங்கும் பெயரையே இட்டால், அவசரத்தில் இடத்தைச் சொல்லி உதவி கேட்பது எளிதாகும்.

இங்கேதான் தோட்டத்து இளைஞர்களுக்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது. நடைத்தடங்களில் வழிகாட்டிகளாகத் தொழில் தேடும் அவர்கள், எந்தக் கான் மழையில் பெருகும், எந்தக் குறுக்குவழி பாறையில் முடியும் என்பதைச் சிறுவயது முதல் அறிந்தவர்கள். ஓரளவு நல்ல உணரியுள்ள கருவியோடு அவர்கள் நடந்து பதியும் தடங்களை, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இலவச உலக வரைபடத்தில் சேர்க்கலாம். மலைநடைக் கருவிகளுக்கான இலவச இலங்கை வரைபடங்களும் பல கைபேசிச் செயலிகளும் அதிலிருந்தே தரவை எடுத்துக்கொள்கின்றன. லயத்தின் பெயரும், குடிநீர் ஊற்றும், மண்சரிவால் மூடப்பட்ட வழியும் அவ்வாறு பதிவாகும்போது, அவற்றை அடுத்த முறை வரைபடத்தைப் புதுப்பிக்கும் எந்த நடைப்பயணியின் திரையிலும் காணலாம்.